எந்த மேஜர் என்று தெரியாமல் தொடங்கும் முதலாண்டு

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்பவருக்கு எதை மேஜராக, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடமாக, எடுப்பது என்ற சிக்கல் சேர்ந்த பிறகு வருவதில்லை. இயற்பியலா, வேதியியலா, விலங்கியலா என்று விண்ணப்பத்திலேயே எழுதியாக வேண்டும். மற்ற பாடங்கள் அலைட் பேப்பராகச் சில செமஸ்டர் வந்துவிட்டுப் போய்விடும். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவன வளாகங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில் அப்படியில்லை. 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய ஐசர், பிறகு மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு ஊர்களுக்குப் பரவிவிட்டது. எல்லா இடத்திலும் மாணவர் எந்தத் துறையையும் சேராதவராகவே உள்ளே வருகிறார். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யின் (இந்திய அறிவியல் நிறுவனம்) நான்காண்டு இளநிலைப் படிப்பில் முதல் மூன்று செமஸ்டர் எல்லாருக்கும் பொது. புவனேஸ்வரில் உள்ள தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைசரில் முதலாண்டு பொது. ஐசர்களில் இந்தப் பொதுக் காலம் ஓராண்டா இரண்டாண்டா என்பது வளாகத்துக்கு வளாகமும் பாடத்திட்டம் திருத்தப்படும் ஆண்டுக்கு ஆண்டும் மாறுகிறது.

இந்தப் பொதுக் காலம் ஒரு பெரிய சலுகை. ஆனால் பெரும்பாலோர் அதை 'எனக்கு எது பிடிக்கிறது என்று பார்ப்போம்' என்ற ஒரே கேள்வியோடு கழித்துவிடுகிறார்கள். பிடிப்பது எளிது. கருந்துளை எல்லாருக்கும் பிடிக்கும், மூளையும் பிடிக்கும். ஒரு துறையின் அன்றாட வேலையை, அதன் சலிப்பான பகுதியையும் சேர்த்து, உங்களால் தொடர்ந்து செய்ய முடிகிறதா என்பதைத்தான் முதலாண்டில் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து கேட்பதால் அது தெரியாது. முதல் செமஸ்டர் மதிப்பெண்ணும் அதைச் சொல்லாது.

மதிப்பெண் ஏன் சொல்லாது என்று பார்ப்போம். ஐசர் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4, தவறினால் ஒன்று குறையும். இந்த நான்கில் மூன்றைப் பிளஸ் டூவில் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அதனால் ஒரே வகுப்பில் மூன்று வகை மாணவர் உட்கார்ந்திருப்பார்கள்: நீட்டுக்கு இரண்டு வருடம் தயாரானவர், ஜே.இ.இ.க்குத் தயாரானவர், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துப் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவர். முதல் செமஸ்டர் செல் உயிரியலில் நீட் மாணவருக்கு மிக நல்ல கிரேடு வரும். அது பழைய பயிற்சி மையத்தின் கிரேடு. அதேபோல், பியூர் சயின்ஸ் குரூப்பில் கணிதமே இல்லாமல் வந்தவர் முதல் செமஸ்டர் நுண்கணிதத்தில் தடுமாறுவதைப் பார்த்து அவருக்கு இயற்பியல் வராது என்று முடிவு கட்டுவதும் தவறு. அவர் இரண்டு வருடப் பாடத்தை நான்கு மாதத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சரியான அளவுகோல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடத்தின் நோட்டிலும், வகுப்பு பிளஸ் டூ பாடத்தைத் தாண்டிய நாளில் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில பாடங்களில் அது மூன்றாவது வாரமே வரும், சிலவற்றில் இரண்டாம் செமஸ்டரில்தான் வரும். அந்தக் கோட்டுக்குப் பிறகு வந்த குவிஸ், அசைன்மென்ட் மதிப்பெண்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். கோட்டுக்கு முன்னால் உச்சத்தில் இருந்து பின்னால் சரிந்த பாடமும் இருக்கும், முன்னால் சுமாராக இருந்து பின்னால் ஏறிய பாடமும் இருக்கும். இரண்டாவது வகைப் பாடத்தைக் கவனியுங்கள்.

எது எதன் மேல் நிற்கிறது

சேர்ந்த முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. நிறுவனத்தின் பாடத்திட்டத் தொகுப்பை இறக்கி, ஒவ்வொரு மேஜருக்கும் மூன்றாம் நான்காம் ஆண்டில் என்னென்ன பாடங்கள் கட்டாயம், அவற்றுக்கு முன்னதாக எதை முடித்திருக்க வேண்டும் என்று ஒரு பெரிய தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். இரண்டு மணி நேர வேலைதான். வரைந்து முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரியும்: எல்லா மேஜரும் ஒரே வடிவத்தில் இல்லை.

இயற்பியல் நீளமான சங்கிலி. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஒரு பக்கம். இயக்கவியல், மின்காந்தவியல், அலைகள் மறுபக்கம். இரண்டும் சேர்ந்த பிறகுதான் குவாண்டம் இயக்கவியல், அதன் பிறகுதான் புள்ளியியல் இயக்கவியல். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தது ஒரு வருடம் தள்ளிப்போகும், ஏனென்றால் பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுகின்றன. கணிதமும் அப்படித்தான். உயிரியல் நீளத்தைவிட அகலம் அதிகம்: மரபியல், உயிர்வேதியியல், சூழலியல், நரம்பியல் ஆகியவற்றை ஓரளவுக்கு எந்த வரிசையிலும் எடுக்கலாம். வேதியியல் நடுவில் நிற்கிறது. கரிம வேதியியலின் இரண்டு மூன்று பேப்பர்கள் வரிசையாக வரும். இயற்பிய வேதியியலோ இயற்பியல் மாணவர் படிக்கும் அதே கணிதத்தைக் கேட்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. முடிவாகாத மாணவர் எதை விட்டாலும் கணிதச் சங்கிலியை விடக்கூடாது. இரண்டாம் செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க இடம் இருந்து, கணிதமா வேறொன்றா என்று தயக்கம் வந்தால் கணிதத்தை எடுங்கள். பின்னால் உயிரியலுக்குப் போனாலும் அது வீணாகாது. எடுக்காமல் பின்னால் இயற்பியலுக்குப் போக நினைத்தால் கதவு பாதி மூடியிருக்கும்.

கதவுகள் இரு பக்கமும் ஒரே மாதிரி திறப்பதில்லை என்பதற்கு நம் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டு உண்டு. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தார்; 1976இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன் பிறகு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உயிரியல் படிக்க மறுபடி மாணவராகச் சேர்ந்தார். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கானது. ஜி.என். ராமச்சந்திரன் 1942இல் ஐ.ஐ.எஸ்.சி.க்கு மின்பொறியியல் மாணவராகப் போய் சி.வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறியவர். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தபடி கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைச் சொன்னார். இருவரும் கணக்கு கையில் இருந்ததால் உயிரியல் பக்கம் நடந்து வர முடிந்தது. உயிரியலில் பட்டம் வாங்கிவிட்டுக் கோட்பாட்டு இயற்பியலுக்குப் போகிறவர்கள் மிகமிக அரிது.

லேபில் எதைக் கவனிப்பது

பொதுக் காலத்தின் உண்மையான சோதனைக்களம் லேப்தான். பெரும்பாலான மாணவர் அதை ரெக்கார்டு நோட்டை முடித்துக் கையெழுத்து வாங்கும் இடமாகப் பார்க்கிறார்கள். ஒரு துறையின் சலிப்பு எப்படிப்பட்டது என்று முதன்முதலாகக் காட்டும் இடம் அது.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நூல் கட்டினால் ஓர் அலைவுக்குச் சுமார் 2 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதம் 0.2 விநாடி என்று வைத்தால், ஒரே அலைவை அளக்கும்போது நேரத்தில் பத்து சதவீதப் பிழை. ஈர்ப்பு முடுக்கத்துக்கான வாய்பாட்டில் நேரம் இருமடியாக வருவதால் விடையில் இருபது சதவீதம் தவறும். 20 அலைவுகளை, அதாவது 40 விநாடியை, ஒன்றாக அளந்தால் நேரப் பிழை அரை சதவீதமாகவும் விடையின் பிழை ஒரு சதவீதமாகவும் இறங்கிவிடும். அப்படியும் விடை 9.8 வராமல் 9.65 வருகிறது. ஏன்? நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை அளந்திருக்கலாம். அல்லது ஊசலை அதிகமாக இழுத்து விட்டிருக்கலாம். 20 பாகை கோணத்தில் ஆடவிட்டால் அலைவு நேரம் முக்கால் சதவீதம் கூடும், விடை ஒன்றரை சதவீதம் குறையும். 9.8இல் ஒன்றரை சதவீதம் என்றால் 0.15. கணக்கு சரியாக அங்கே வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் பிரிந்துவிடுவார்கள். ஒருவர் 9.8 வரும்படி ஓர் அளவீட்டைத் திருத்தி எழுதிவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விடுவார். இன்னொருவர் கோணத்தைப் பத்து, ஐந்து என்று குறைத்து மறுபடி ஆடவிடுவார், யாரும் கேட்காமலே. இரண்டாவது ஆள் நீங்களாக இருந்தால் இயற்பியல், குறிப்பாகச் சோதனை இயற்பியல், உங்களுக்கு ஒத்துவரும். தேற்றங்களை எல்லாம் விரும்பி, இந்தப் பிழைக் கணக்கை வெறுப்பவர் கோட்பாட்டுப் பக்கம் போகலாம். ஆனால் இந்தியாவில் கோட்பாட்டு இயற்பியலின் முனைவர் இடங்களுக்குப் போட்டி மிகக் கடுமை என்பதை அறிந்து போக வேண்டும்.

வேதியியலுக்கு ஆஸ்பிரின் தயாரிப்பு நல்ல உரைகல். 2 கிராம் சாலிசிலிக் அமிலம், 5 மி.லி. அசெட்டிக் அன்ஹைட்ரைடு, ஐந்தாறு சொட்டு அடர் கந்தக அமிலம். வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம். பிறகு குளிரவைத்து, பனிநீர் சேர்த்து, வடிகட்டி, மறுபடிகமாக்குவது. கணக்குப்படி 2.6 கிராம் கிடைக்க வேண்டும். முதல் முறை செய்கிற வகுப்பில் பலருக்கு அது கிடைக்காது. குடுவை ஈரமாக இருந்திருந்தால் தண்ணீரே அன்ஹைட்ரைடைத் தின்றிருக்கும். மறுபடிகமாக்கும்போது கரைப்பானை அதிகம் ஊற்றியிருந்தால் ஆஸ்பிரினில் பாதி கரைசலிலேயே தங்கிவிடும். சிலருக்கு 2.6ஐத் தாண்டி 3 கிராம்கூட வரும், முகமெல்லாம் மகிழ்ச்சி. உலராத தூளை நிறுத்ததுதான் காரணம். ஃபெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் ஊதா நிறம் வந்து, வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் இன்னும் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். உருகுநிலை 135 பாகையை ஒட்டிக் கூர்மையாக வராமல் பத்து பாகைக்குப் பரந்து வந்தாலும் அதே செய்திதான்.

இந்த வேலையின் இயல்பைப் பாருங்கள். சிந்தனை ஒரு பங்கு, கை வேலை மூன்று பங்கு. ஒரு படி தவறினால் மதியம் முழுக்க வீண், மறுநாள் முதலிலிருந்து. கரிம வேதியியல் ஆய்வு மாணவரின் வாரம் கிட்டத்தட்ட இப்படித்தான் நகரும். மாலை ஆறு மணிக்குக் கண்ணாடிக் கருவிகளைக் கழுவும்போதும் அந்தப் படிகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறவர்களுக்கான துறை அது. வேதியியலின் தர்க்கம் பிடிக்கும், லேபில் வாயுக்களை உறிஞ்சும் புகைக்கூண்டின் முன் நிற்பது பிடிக்காது என்பவர்களுக்குக் கணிப்பு வேதியியல் இருக்கிறது. அங்கே மேசையில் கணினி மட்டும்தான். ஆனால் நேரியல் இயற்கணிதம் கட்டாயம்.

உயிரியல் வேறு மாதிரிச் சலிப்பு. அங்கே கடிகாரம் உங்கள் கையில் இல்லை. பழ ஈயில் ஒரு மரபியல் கலப்புச் செய்ய இன்னும் இணைசேராத பெண் ஈக்கள் வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்கவில்லை என்றால் அவை இனச்சேர்க்கை செய்திருக்கக்கூடும், கலப்பே கெட்டுவிடும். அதனால் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை குப்பியைப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். 25 பாகை வெப்பத்தில் ஒரு தலைமுறைக்குப் பத்து நாள் முதல் பன்னிரண்டு நாள். இரண்டாம் சந்ததி வரை எண்ண ஒரு மாதம் போய்விடும். நடுவில் ஈக்களின் உணவு ஊடகத்தில் பூஞ்சணம் பிடித்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நூறு ஈக்களை எண்ணுகிறீர்கள். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 75க்கு 25 வர வேண்டும், வந்தது 68க்கு 32. கொள்கை தவறா? விலகல் தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டால் 2.61 வரும். இரண்டே வகை ஈக்கள் உள்ள இந்தக் கணக்குக்கு (ஒரு கட்டின்மைக் கூறு) எல்லை 3.84, அதற்குள்தான் இருக்கிறது. இந்த விலகல் தற்செயலாகவே வரக்கூடியது என்று மட்டும்தான் உங்களால் சொல்ல முடியும்.

இந்த 'மட்டும்தான்' சிலரை எரிச்சலூட்டும். தெளிவான விடை கிடைக்காமல் போவதை அவர்களால் தாங்க முடியாது. வேறு சிலருக்கு இதுதான் உயிரியலின் சுவை. எப்படியிருந்தாலும், கணக்கிலிருந்து தப்பிக்க உயிரியல் எடுக்கிறேன் என்று யாரும் போகாதீர்கள். இன்றைய உயிரியலில் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் நுண்ணோக்கியைப் போல அடிப்படைக் கருவிகள். அவற்றை மூன்றாம் ஆண்டில் பயந்துகொண்டே கற்பதைவிட முதலாண்டில் பயமில்லாமல் கற்பது நல்லது.

கணிதத்துக்கு லேப் இல்லை. அதனால்தான் அதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு எடுத்தவர், விரைவாகக் கணக்குப் போடுவதே கணிதம் என்று நம்பிக் கணித மேஜர் எடுப்பார். இரண்டாம் ஆண்டு மெய்ப் பகுப்பாய்விலும் குலக் கோட்பாட்டிலும் கணக்கே இருக்காது, நிறுவல் மட்டும்தான். இதை ஒரே மாலையில் சோதித்துப் பார்க்கலாம். வகையிடத்தக்க சார்பு தொடர்ச்சியானது என்று பள்ளியில் படித்ததை யாரையும் கேட்காமல் நிறுவிப் பாருங்கள். ஒரே வரிதான்: சார்பின் வேறுபாட்டை விகிதம் பெருக்கல் தூரம் என்று எழுதினால், விகிதம் ஒரு முடிவுள்ள எண்ணுக்குப் போகும், தூரம் சுழியத்துக்குப் போகும், பெருக்கற்பலனும் சுழியம். அடுத்து, இதன் மறுதலை ஏன் பொய் என்று கேளுங்கள். மட்டு மதிப்புச் சார்பு சுழியத்தில் தொடர்ச்சியாக இருந்தும் கூராகத் திரும்புகிறது, அங்கே வகையிட முடியாது. சரி, எல்லாப் புள்ளியிலும் தொடர்ச்சியாக இருந்து ஒரு புள்ளியில்கூட வகையிட முடியாத சார்பு இருக்க முடியுமா? வையர்ஸ்ட்ராஸ் 1872இல் அப்படி ஒன்றைக் காட்டினார். இந்தக் கேள்வியைப் படித்ததும் தூக்கம் வராமல் தாளை எடுக்கத் தோன்றுகிறதா, அல்லது இது எதற்குப் பயன்படும் என்று தோன்றுகிறதா? இரண்டாவது கேள்வியும் மதிப்புள்ளதே. அது உங்களை இயற்பியலுக்கோ தரவு அறிவியலுக்கோ அனுப்பும் கேள்வி.

புவி அறிவியலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பள்ளியில் அப்படியொரு பாடமே இல்லாததால் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஐ.ஐ.எஸ்.சி.யிலும் சில ஐசர்களிலும் அது ஒரு மேஜராகவே இருக்கிறது. பருவமழை, நிலநடுக்கம், நிலத்தடி நீர், பாறை என எல்லாம் அதற்குள் வரும். இயற்பியலும் வேதியியலும் பிடித்து, ஒன்றை விட மனமில்லாதவர்கள் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய துறை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வெயிலில் களப்பணிக்குப் போக உடம்பும் மனமும் ஒத்துழைக்குமா என்பது மட்டுமே தனிக் கேள்வி.

அடுத்த ஆண்டின் பாடத்தை இப்போதே தொட்டுப் பார்ப்பது

இரண்டாம் செமஸ்டர் தொடங்கியதும் இதைச் செய்யலாம். உங்கள் பட்டியலில் மிஞ்சியிருக்கும் இரண்டு துறைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் மேஜர் மாணவர்கள் முதலில் படிக்கும் பாடம் எது என்று பாருங்கள், முதலாண்டு அறிமுகப் பாடத்தை விட்டுவிடுங்கள். சீனியரிடம் அதன் வகுப்புக் குறிப்பும் அசைன்மென்ட் தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு துறைக்கு இரண்டு வாரம், தினம் ஒன்றரை மணி நேரம்: முதல் வாரம் ஒரே ஓர் அத்தியாயம், இரண்டாம் வாரம் பத்துக் கணக்கு அல்லது ஓர் ஆய்வுக் கட்டுரை. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் செய்யாதீர்கள், மனநிலை முடிவைத் திரித்துவிடும்.

எத்தனை கணக்கு சரி என்று எண்ணுவதில் பயனில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதி வையுங்கள்: தடுமாறி நின்ற இடத்தில் என்ன செய்தீர்கள்? உடனே விடையைப் பார்த்தீர்களா, வேறு வழியில் முயன்றீர்களா, கைப்பேசியை எடுத்தீர்களா? பதினான்கு வரிகளை இரு துறைக்கும் அருகருகே வைத்துப் படித்தால், பல நேரங்களில் யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டியிருக்காது. இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான். இரண்டு வாரமும் காணொளி பார்த்தே ஓட்டிவிடுவது. நல்ல விரிவுரையைப் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். பேனா தாளில் படாத நாள் கணக்கில் வராது.

பாடத்தைப் பதிவு செய்யாமல் உட்கார்ந்து கேட்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். ஆடிட் என்று அதற்குப் பெயர். கிரேடு சிஜிபிஏவில், அதாவது எல்லா செமஸ்டருக்குமான சராசரியில், சேராது. இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்றில் மூன்று வாரம் போய் உட்கார்ந்து வர ஆசிரியரிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

ஆட்களிடம் பேசும்போது 'சார், உங்கள் துறையில் ஸ்கோப் எப்படி?' என்று கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். முனைவர் பட்ட மாணவர்களைப் பிடித்து, போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் மூன்று நாள் லேசர் ஒளியை ஒரு துளைக்குள் நேர்ப்படுத்தியிருப்பார். ஒருவர் நிரலில் ஒரு பிழையைத் தேடியிருப்பார். ஒருவர் செல் வளர்ப்புக்கு உணவு மாற்றியிருப்பார். உங்கள் வருங்காலத்தின் மாதிரிச் சீட்டு அந்தப் பதில்தான். ஒரு துறைக்கு மூன்று பேரையாவது கேளுங்கள். ஒரே ஆளின் கசப்போ உற்சாகமோ துறையின் குணமாகிவிடாது.

முதலாண்டு முடிந்த கோடைக்கும் இது பொருந்தும். இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இப்போதும் அப்படிக் கிடைத்தால் பயன்படுத்துங்கள். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் நியூஸ் திட்டமும், 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். கணித முகாமும் இளநிலை மாணவர்களுக்கென்றே நடத்தப்படுபவை. எம்.டி.டி.எஸ். நான்கு வாரம் நிறுவல் மட்டுமே. கணிதமா இல்லையா என்று ஊசலாடுபவருக்கு அதைவிட நேரான சோதனை கிடையாது. தனியாக ஓர் ஆய்வுக்கூடத்துக்கு எழுதினால் மின்னஞ்சலை ஏழெட்டு வரிக்குள் முடியுங்கள். அவருடைய எந்த ஆய்வைப் படித்தீர்கள், அதில் எது புரியவில்லை, எந்த வாரங்களில் வர முடியும் என்பது போதும். முதலாண்டு மாணவருக்குப் பெரிய சோதனை எதையும் தரமாட்டார்கள். வளர்ப்பு ஊடகம் தயாரிப்பது, தரவை வரைபடமாக்குவது போன்ற வேலைகள் வரும். அது குறையில்லை, அன்றாடத்தைப் பார்க்கத்தானே போகிறீர்கள். ஆய்வுக்கூடத்தின் மனித உறவுகள் கசப்பாக இருந்தால் அதைத் துறையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

வேலை பற்றிய கேள்வியைப் பெற்றோர் கேட்பது நியாயம், மழுப்பக் கூடாது. முனைவர் ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு ஐந்து பிரிவுகளில் நடக்கிறது: வேதியியல், புவி அறிவியல், உயிர் அறிவியல், கணித அறிவியல், இயற்பியல். தேறி இளநிலை ஆய்வாளரானால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். முனைவர் பட்டம் வரை போகத் தயார் என்றால் ஐந்து பாதையும் திறந்தவை. முதுநிலையோடு நிறுத்தி வேலைக்குப் போக வேண்டிய குடும்பச் சூழல் என்றால் வேறுபாடு உண்டு. வேதியியலுக்கு மருந்து நிறுவனங்கள் இருக்கின்றன. புவி அறிவியலுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் தரவுத் துறைக்குப் போகிறார்கள், அதற்கு நிரல் எழுதும் பழக்கம் படிக்கும்போதே வேண்டும். ஆய்வு நோக்கிலான உயிரியலில் முதுநிலையோடு நின்றால் வாய்ப்பு குறைவு. உயிரியல் பிடித்தவர் உயிரியலையே எடுக்கலாம், கூடவே உயிர்த்தகவலியலையோ புள்ளியியலையோ உறுதியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மேஜரைத் தேர்ந்து எழுதும் விருப்பப் படிவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே கல்வி அலுவலகத்தில் சில கேள்விகளுக்கு மின்னஞ்சலில் விடை வாங்கி வையுங்கள். வாய்மொழி போதாது. குறிப்பிட்ட மேஜருக்கு இருக்கை வரம்போ குறைந்தபட்ச கிரேடோ உண்டா. இருந்தால் ஒட்டுமொத்த சிஜிபிஏ பார்க்கிறார்களா, அந்தத் துறைப் பாடங்களின் கிரேடு மட்டுமா. தேர்ந்த பிறகு மாற்ற விண்ணப்பிக்கலாமா, எந்தத் தேதி வரை. மைனராக, அதாவது துணைப் பாடமாக, இன்னொரு துறை எடுக்க எத்தனை கிரெடிட் வேண்டும். பட்டச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ மேஜரின் பெயர் எப்படி அச்சாகும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பின்னாளில் கல்லூரி ஆசிரியர் பணிக்கோ அரசுத் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும்போது அறிவிப்பில் ஒரு துறையின் பெயர் இருக்கும், சான்றிதழில் அது இல்லாவிட்டால் இணைத்தகுதிக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

அப்படியும் கடைசி நாளில் இரண்டு துறைகள் சரிசமமாக நின்றால், சங்கிலி நீளமான துறையை மேஜராக எழுதி, மற்றதை மைனராக எடுங்கள். இயற்பியலும் உயிரியலும் என்றால் இயற்பியல். கணிதமும் வேதியியலும் என்றால் கணிதம். மூன்றாம் செமஸ்டரின் நடுத்தேர்வு முடிந்ததும் அந்தப் பதினான்கு நாள் குறிப்பை மறுபடி எழுதிப் பாருங்கள். மாற்று விண்ணப்பத்துக்கான தேதி அதற்கு முன்னால் வருகிறதென்றால், அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே எழுதத் தொடங்குங்கள்.